குளுக்கோஸ் பாணி: சீனி இல்லாத காலத்தில் பிறந்த இனிப்பின் வரலாறு



பெருநாள் நெருங்கினால் நமது ஊர்களில் கேக் ஓடர் எடுக்கும் வீடுகளில் நடுநிசி தாண்டியும் விளக்கு எரியும். கோதுமை மா, முட்டை, மாஜரின், சீனி என்றிருந்த சாமான் பட்டியலில் இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. கண்ணாடிபோல் நிறமற்ற, தேனைவிடத் தடித்த ஒரு பாணி. கரண்டியால் அள்ளினால் நூலாக இழுபடும். பேக்கரிச் சாமான் கடையில் "லிக்விட் குளுக்கோஸ்" என்று கேட்டால் தருவார்கள். லேபலில் "குளுக்கோஸ் சிரப்" என்றிருக்கும்.

நாம் ஆசிரியத் தொழிலில் இருப்பதால் இதைப் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். கேள்விகள் பெரும்பாலும் மூன்றுதான். ஆஸ்பத்திரியில் ஏற்றும் குளுக்கோஸ்தானா இது? இது ஹலாலா? சீனி வருத்தம் உள்ளவர்கள் சாப்பிடலாமா? மூன்றுக்கும் இரண்டு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் இந்தப் போத்தலுக்குப் பின்னால் 200 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அதைப் படித்தால் நாம் கேட்காமல் விடும் நாலாவது கேள்வியும் தெரியவரும். எனவே கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் ஒரு சிறு பரிசோதனை. ஒரு துண்டுப் பாணை வாயில் போட்டு விழுங்காமல் மென்றுகொண்டே இருங்கள். சற்று நேரத்தில் மெல்லிய இனிப்புத் தெரியும். பாணில் உள்ள மாப்பொருள் என்பது ஆயிரக்கணக்கான குளுக்கோசு மூலக்கூறுகள் சங்கிலிபோல் கோத்த ஒன்று. சங்கிலியாக இருக்கும்வரை அதற்கு இனிப்பில்லை. நமது உமிழ்நீரில் உள்ள அமிலேசு நொதியம் அதைத் துண்டு துண்டாக வெட்டும்போதுதான் இனிக்கத் தொடங்குகிறது. குளுக்கோஸ் பாணியும் இதே வேலையின் விளைவுதான். வாயில் நடப்பது அங்கே தொழிற்சாலைத் தாங்கியில் நடக்கிறது.

தானியத்துக்குள் இனிப்பு ஒளிந்திருக்கிறது என்பது மனிதனுக்கு மிகப் பழைய காலத்திலேயே தெரியும். சீனாவில் 6ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட 'சிமின் யாவ்ஷு' என்ற வேளாண்மை நூல், முளைவிட்ட தானியத்தைக் கொண்டு இனிப்புப் பாகு காய்ச்சும் முறையை விவரிக்கிறது. ஈரானிலும் மத்திய ஆசியாவிலும் நவ்ரூஸ் காலத்தில் முளைக்கோதுமையை அரைத்து, மா சேர்த்து, பெரிய சட்டியில் இரவெல்லாம் கிண்டி 'சமனூ' அல்லது 'சுமலக்' என்ற இனிப்பைச் செய்வார்கள். அதில் ஒரு கரண்டி சீனிகூடப் போடுவதில்லை. முளைவிடும் விதையிலேயே மாப்பொருளை வெட்டும் நொதியம் இருப்பதால் கிண்டக் கிண்ட அது தானாக இனிக்கிறது.

ஆனால் உலகச் சந்தையைப் பிடித்தது தானிய இனிப்பு அல்ல, கரும்புச் சீனி. அந்தப் பயணத்தில் முஸ்லிம்களுக்குப் பெரிய பங்கு உண்டு. சமஸ்கிருத 'சர்க்கரா' பாரசீகத்தில் 'ஷகர்' ஆகி, அரபியில் 'சுக்கர்' ஆகி, ஐரோப்பிய மொழிகளுக்குப் போய் 'சுகர்' ஆயிற்று. 'சிரப்' என்ற சொல்லும் அரபியின் 'ஷராப்' என்பதிலிருந்து வந்ததுதான். குடிக்கும் பானம் என்பதே அதன் மூலப் பொருள். நமது தெருக்கடைச் சர்பத்தும் அதே வேரில் பிறந்த சொல். அரபுகள் கரும்புச் செய்கையை எகிப்து, சிசிலி, ஸ்பெயின் வரை கொண்டு சென்றார்கள். 10ஆம் நூற்றாண்டில் பக்தாதில் இப்னு சய்யார் அல்-வர்ராக் தொகுத்த சமையல் நூலில் சீனியிலும் தேனிலும் செய்யும் இனிப்புகளுக்குத் தனித்தனி அத்தியாயங்களே உள்ளன.

பிறகு கதை இருண்டு போகிறது. ஐரோப்பியர்கள் கரும்பை அத்திலாந்திக் கடலுக்கு அப்பால் கொண்டு போனார்கள். ஆபிரிக்காவிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட இலட்சக்கணக்கான அடிமைகளின் உழைப்பில் கரீபியன் தீவுகளில் சீனித் தோட்டங்கள் எழுந்தன. 1791இல் பிரான்சின் மிகப் பெரிய சீனிக் குடியேற்றமான செயின்ட் டொமிங்குவில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். 1804இல் அந்நாடு ஹெயிட்டி என்ற பெயரில் விடுதலை பெற்றது. பிரான்சுக்குச் சீனி வந்த பெரிய வாசல் அத்துடன் மூடிக்கொண்டது.

1806 நவம்பரில் நெப்போலியன் பேர்லின் ஆணையைப் பிறப்பித்தார். பிரித்தானியாவுடனும் அதன் குடியேற்றங்களுடனும் ஐரோப்பாக் கண்டம் வணிகம் செய்யக் கூடாது என்பது ஆணை. பிரித்தானியக் கடற்படையோ பிரான்ஸ் பக்கத்துத் துறைமுகங்களை மறித்து நின்றது. இரண்டுக்கும் நடுவில் ஐரோப்பிய வீடுகளில் சீனி விலை எட்டாத உயரத்துக்குப் போயிற்று. 1807இல் ரஷ்யாவும் இந்த வணிகத் தடையில் சேர்ந்தது.

குளுக்கோஸ் பாணி பிறந்தது இந்தத் தட்டுப்பாட்டில்தான். ஜேர்மனியில் பிறந்து ரஷ்யாவின் சென்ட் பீற்றர்ஸ்பர்க் நகரில் பணியாற்றிய கேர்ச்சோப் என்ற மருந்தாளர், 1811இல் மாப்பொருளை நீர்த்த சல்பூரிக் அமிலத்துடன் கொதிக்க வைத்தார். கூழாகத் தடித்திருந்த கலவை மெல்ல மெல்ல இளகி இனிப்பாக மாறியது. (மின்சுற்று விதிகளில் நமது பிள்ளைகள் படிக்கும் கேர்ச்சோப் இவரல்ல. அவர் 1824இல் பிறந்தவர்.)

முறை எளிமையானது. மாப்பொருள், தண்ணீர், சிறிதளவு அமிலம், நீண்ட நேரக் கொதிப்பு. பின் சுண்ணக்கல் தூளைப் போட்டால் அது அமிலத்துடன் சேர்ந்து ஜிப்சமாக அடியில் படியும். அதை வடித்துவிட்டு நீரை வற்றவைத்தால் பாணி கிடைக்கும். இதில் வேதியியலாளர்களை வியக்க வைத்தது இன்னொரு விடயம். வேலை முடிந்த பிறகும் அமிலம் போட்ட அளவிலேயே இருந்தது. மாற்றத்தை நடத்திவிட்டுத் தான் மாறாமல் நிற்கும் இத்தகைய பொருட்களை ஒன்றுசேர்த்து ஆராய்ந்த சுவீடன் அறிஞர் பெர்சீலியஸ், 1835இல் அதற்கு ஒரு பெயர் வைத்தார். நாம் பாடப்புத்தகத்தில் 'ஊக்கல்' என்று படிப்பது அதுதான். 1833இல் பாரிஸில் பயான், பெர்சோ என்ற இருவர் முளைத்த பார்லியிலிருந்து மாப்பொருளை வெட்டும் பொருளைப் பிரித்தெடுத்து 'டயஸ்டேஸ்' என்று பெயரிட்டார்கள். நொதியங்களின் வரலாறு அங்கிருந்து தொடங்குகிறது. 1838இல்தான் 'குளுக்கோஸ்' என்ற பெயரே வந்தது.

போர் முடிந்து கடல் திறந்ததும் கரும்புச் சீனி திரும்பி வந்தது. அதற்கிடையில் பீட்ரூட் வகைக் கிழங்கிலிருந்து எடுக்கும் சீனியும் ஐரோப்பாவில் காலூன்றத் தொடங்கியிருந்தது. அப்படியானால் மாப்பொருள் பாணி ஏன் மறைந்து போகவில்லை? காரணம், சீனியால் செய்ய முடியாத ஒரு வேலையை அது செய்தது.

சீனிப்பாகு காய்ச்சியவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். அடுப்பில் இருக்கும்வரை பளிங்குபோல் தெளிவாக இருக்கும் பாகு, ஆறும்போது திடீரென்று மணல்போல் கட்டிவிடும். கரைந்திருக்கும் சீனி மூலக்கூறுகள் ஒரே மாதிரியானவை. இடம் கிடைத்தால் வரிசையாக அடுக்கிக்கொண்டு பளிங்காகிவிடும். சட்டியின் ஓரத்தில் ஒட்டிய ஒரு சீனிப் பருக்கை உள்ளே விழுந்தாலும் போதும். குளுக்கோஸ் பாணியிலோ குளுக்கோசு, மோல்ட்டோசு, அவற்றைவிட நீளமான துண்டுகள் என்று பலவும் கலந்திருக்கும். ஒரே அளவுச் செங்கல்லை அடுக்கும்போது இடையில் நாலைந்து கோணல் கற்களைப் போட்டால் சுவர் எழும்புமா? அதுபோல இந்தத் துண்டுகள் இடையில் புகுந்து சீனியைப் பளிங்காக விடாமல் தடுக்கின்றன.

நமது உம்மாமாரும் இதே வேலையைச் செய்தார்கள், குளுக்கோஸ் போத்தல் இல்லாமலேயே. சீனிப்பாகில் சில துளி தேசிக்காய்ப் புளி விடுவார்கள். "பாகு கட்டாது" என்பார்கள். புளியின் அமிலம் சீனியில் ஒரு பகுதியைக் குளுக்கோசாகவும் பிரற்றோசாகவும் உடைக்கிறது. உடைந்த துண்டுகள் பளிங்காவதைத் தடுக்கின்றன. சென்ட் பீற்றர்ஸ்பர்க்கில் அமிலம் மாப்பொருளை உடைத்தது, நமது அடுப்பில் அமிலம் சீனியை உடைக்கிறது. வேலை ஒன்றுதான். இங்கிலாந்தில் 1880களில் விற்பனைக்கு வந்த கோல்டன் சிரப்பும் மாப்பொருளில் செய்ததல்ல. சீனியை இப்படி உடைத்துச் செய்த பாணிதான் அது.

டொபி, லொலிபொப், ஐஸ்கிரீம், கேக்கின் மேல் விரிக்கும் ஃபொண்டன் என்று குளுக்கோஸ் பாணி பரவியது இந்தக் குணத்தால்தான். அது ஈரத்தைப் பிடித்து வைப்பதால் ஃபொண்டன் வெடிக்காமல் மடங்கும். ஐஸ்கிரீம் கரடுமுரடாக உறையாது. ஆனால் எல்லாவற்றுக்கும் இது வேண்டியதில்லை. நமது பால் டொபிக்கு அந்த நுண்ணிய மணல் தன்மையே அழகு. அதில் குளுக்கோஸ் பாணியை அதிகம் விட்டால் துண்டு போடவே வராது, இழுபடும். தொதலுக்கும் இது தேவையில்லை. அம்பாந்தோட்டைத் தொதலுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது கருப்பட்டியும் தேங்காய்ப் பாலும் கிண்டுபவரின் கையும்தான்.

வரலாற்றின் மறுபக்கத்துக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் சோளத்திலிருந்து இந்தப் பாணி பெருமளவில் வரத் தொடங்கியது. விலை மலிவு, நிறமில்லை, தனி வாசமில்லை. இந்த மூன்றும் சேர்ந்தால் கலப்படக்காரருக்கு வேறென்ன வேண்டும்? தேனிலும் மேப்பிள் பாணியிலும் கரும்புப் பாணியிலும் கலந்தார்கள். பழைய பெயரிலேயே விற்றார்கள். ஹார்வி வைலி என்ற வேதியியலாளர் 1881இலேயே இந்தக் கலப்படத்தைப் பற்றி எழுதினார். "இது உடம்புக்கு நஞ்சா?" என்ற பயமும் மக்களிடம் பரவியது. அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கழகம் ஒரு குழுவை வைத்து ஆராய்ந்தது. மாப்பொருளிலிருந்து செய்த இனிப்பு உடலுக்குக் கேடானதல்ல என்று 1884இல் அறிக்கை வந்தது.

அறிக்கை வந்தும் சண்டை ஓயவில்லை. ஏனென்றால் சண்டை நஞ்சைப் பற்றியது மட்டுமல்ல, பெயரைப் பற்றியதும்கூட. 'குளுக்கோஸ்' என்ற சொல் அங்கே கெட்டுப்போயிருந்தது. ஆங்கிலத்தில் பசைக்குரிய 'குளூ' என்ற சொல்லைப்போல் ஒலித்ததால், இது பசையிலிருந்து செய்வதோ என்றுகூடச் சிலர் நினைத்தார்கள். 1902இல் 'கேரோ' என்ற பெயரில் வீட்டுச் சமையலுக்கான பாணி சந்தைக்கு வந்தது. 1906இல் அமெரிக்காவில் தூய உணவுச் சட்டம் நிறைவேறியதும், லேபலில் 'குளுக்கோஸ்' என்றே போட வேண்டும் என்று வைலி பிடிவாதமாக நின்றார். அப்போது அவர் விவசாயத் திணைக்களத்தின் தலைமை வேதியியலாளர். கம்பனிகளோ 'கோர்ன் சிரப்', அதாவது சோளப் பாணி, என்று போட அனுமதி கேட்டன. 1908இல் கம்பனிகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பாயிற்று. அமெரிக்கச் சமையல் குறிப்புகளில் இன்றும் 'கோர்ன் சிரப்' என்றும் பிரித்தானிய முறைக் குறிப்புகளில் 'லிக்விட் குளுக்கோஸ்' என்றும் இருப்பதன் பின்னணி இதுதான். இரண்டு பெயர் இருந்தாலும் பொருள் கிட்டத்தட்ட ஒன்றே. குறிப்பில் ஒன்று கேட்டு மற்றதுதான் கடையில் இருந்தால் சகோதரிகள் பதற வேண்டாம்.

ஆனால் 1900இல் இங்கிலாந்தில் நடந்தது பெயர்ச் சண்டையல்ல. மென்செஸ்டர் பகுதியில் ஆயிரக்கணக்கானோருக்குக் கை கால் மரத்துப்போயிற்று, தோல் கறுத்தது. எல்லோரும் பியர் குடிப்பவர்கள் என்பதால் "குடியால் வந்த நரம்பு நோய்" என்று முதலில் தள்ளிவிட்டார்கள். ரெனோல்ட்ஸ் என்ற வைத்தியர் மட்டும் அதை ஏற்கவில்லை. ஆராய்ந்து பார்த்தார். பியரில் ஆசனிக் இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனார்கள். பியர் காய்ச்சப் பயன்பட்ட குளுக்கோஸில் இருந்தது. அந்தக் குளுக்கோஸ் செய்யப் பயன்பட்ட சல்பூரிக் அமிலத்தில் இருந்தது. அந்த அமிலம் செய்த கனிமக் கல்லில் இருந்தது. சங்கிலியின் முதல் கண்ணியில் இருந்த அழுக்கு கடைசிக் கண்ணியில் மனிதர்களைக் கொன்றது. 6,000க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். குறைந்தது 70 பேர் இறந்தார்கள்.

அது மதுவைப் பற்றிய கதைதானே, நமக்கென்ன என்று கடந்துபோக முடியாது. அரசு அமைத்த விசாரணை ஆணைக்குழு பியரோடு நிற்காமல் மற்ற உணவுகளையும் சேர்த்தே ஆராய்ந்தது. அதன் தலைவர், வெப்பநிலை அலகில் நாம் பெயர் சொல்லும் அதே கெல்வின் பிரபு. 1903இல் வந்த அதன் இறுதி அறிக்கை, உணவில் ஆசனிக் எந்த அளவைத் தாண்டக் கூடாது என்று எல்லை வகுத்தது. நோயாளிகளைப் பார்த்து "இவர்கள் குடிகாரர்கள்" என்று எல்லோரும் முடிவுகட்டியிருந்தால் இன்னும் எத்தனை உயிர் போயிருக்கும்?

20ஆம் நூற்றாண்டில் நொதியங்கள் அமிலத்தின் வேலையைப் பெருமளவு எடுத்துக்கொண்டன. இன்று பக்டீரியா, பங்கசு ஆகியவற்றிலிருந்து பெறும் நொதியங்களால் சோளம், கோதுமை, மரவள்ளி, உருளைக்கிழங்கு ஆகியவற்றின் மாப்பொருள் வெட்டப்படுகிறது. 1960களில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இன்னொரு படி சேர்ந்தது. குளுக்கோசின் ஒரு பகுதியைப் பிரற்றோசாக மாற்றினார்கள். குளிர்பானங்களில் போடும், இனிப்புக் கூடிய அந்தப் பாணி வேறு. நமது கேக் போத்தலில் இருப்பது வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு வரும் வாட்சப் செய்திகளை அனுப்பாதீர்கள்.

இப்போது அந்த மூன்று கேள்விகளுக்கும் வருவோம்.

ஆஸ்பத்திரியில் ஏற்றுவது கிருமி நீக்கிய நீரில் கரைத்த தூய குளுக்கோசு. கேக் பாணி ஒரு கலவை. அதன் சாதாரண வகையில் தனிக் குளுக்கோசு சுமார் ஐந்தில் ஒரு பங்குதான். ஒன்றுக்குப் பதிலாக மற்றது என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஹலால் கேள்வியில் நமது கண் பெரும்பாலும் தவறான போத்தலில்தான் இருக்கிறது. குளுக்கோஸ் பாணியின் மூலப்பொருள் தாவர மாப்பொருள். ஆனால் அதே தட்டில் பக்கத்தில் இருக்கும் ஜெலட்டின் விலங்கிலிருந்து வருவது. மார்ஷ்மெலோவிலும் பல ஃபொண்டன் வகைகளிலும் அது இருக்கிறது. அங்கேதான் லேபலையும் ஹலால் சான்றிதழையும் பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் நமது உலமாக்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு இதில் எந்தச் சலுகையும் இல்லை. நாக்குக்கு இது சீனியைவிடக் குறைவாகவே இனிக்கும். ஆனால் அதிலுள்ள மாப்பொருள் துண்டுகளும் வயிற்றுக்குள் போனதும் குளுக்கோசாகி இரத்தத்தில் சேரும். இனிப்புக் குறைவு என்றால் சீனி குறைவு என்று அர்த்தமில்லை. "சீனி சேர்க்கவில்லை" என்று சொல்லி இந்தப் பாணியில் இனிப்புச் செய்து கொடுத்தால், நம்பிச் சாப்பிடும் ஒரு வாப்பாவின் உடம்புதான் அதற்கு விலை கொடுக்கும்.

நாலாவது கேள்வி இங்கேதான் பிறக்கிறது. வாங்குபவருக்கு நாம் சொன்னோமா?

இந்த நாட்டில் சீனித் தட்டுப்பாடு நமக்குப் புதிதல்ல. 1970களில் சீனியைக் கூப்பனுக்குப் பங்கிட்ட காலத்தை நமது பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். 2021 ஆகஸ்ட் இறுதியில் சீனி உட்பட அத்தியாவசிய உணவுகளுக்காக அவசரகால விதிகளே பிறப்பிக்கப்பட்டன. தட்டுப்பாட்டில் மாற்று வழி தேடுவது குற்றமல்ல. கேர்ச்சோப் செய்ததும் அதுதான். மாற்றை அசல் என்று விற்பதுதான் குற்றம். கித்துள் பாணியில் சீனிப்பாணி கலந்து விற்பது நாம் எல்லோரும் அறிந்த கதை. கேட்டது ஒன்று, கொடுத்தது வேறு என்றால் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின்படி அது தண்டனைக்குரியது. சட்டத்துக்கு முன்னரே நமது மார்க்கம் அளவை நிறுவையில் மோசடி செய்பவரைப் பற்றி எவ்வளவு கடுமையாக எச்சரித்திருக்கிறது என்பதை நாம் இங்கே விளக்கத் தேவையில்லை.

வீட்டிலிருந்து உழைக்கும் நமது சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். கேக் பெட்டியில் பெயரும் தொலைபேசி எண்ணும் ஒட்டுகிறீர்கள். அதற்குக் கீழே உள்ளே என்ன இருக்கிறது என்று நாலு வரி எழுதி ஒட்டுங்கள். குளுக்கோஸ் பாணி போட்டால் போட்டோம் என்று எழுதுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பெரிய பெரிய கம்பனிகள் சட்டம் வந்த பிறகுதான் எழுதின. நாம் சட்டம் கேட்காமலே எழுதினால், ஒரு பெருநாளில் வாங்கியவர் அடுத்த பெருநாளிலும் நம்பி வருவார்.

கடைசியாக, இந்தப் பாணியோடு மல்லுக்கட்டுபவர்களுக்கு ஒரு சின்னக் கைவேலை. அள்ளும் கரண்டியை முதலில் தண்ணீரில் நனையுங்கள், ஒட்டாது. இறுகிப்போயிருந்தால் போத்தலைச் சுடுநீரில் சற்று நேரம் நிறுத்தி வையுங்கள், இளகும். இரண்டும் கையில் இல்லாத நாளில் உம்மாவின் தேசிக்காய் இருக்கவே இருக்கிறது.

உங்கள் வீடுகளில் பாகு கட்டாமல் இருக்க மூத்தவர்கள் என்ன செய்தார்கள் என்று கீழே எழுதுங்கள். நமது ஊர் அடுப்பங்கரைகளின் வரலாற்றை நாம்தான் எழுதி வைக்க வேண்டும்.